வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கும் கார்

வண்டி நிற்கவில்லை. அதுதான் பிரச்சினை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் அந்த வெள்ளைக் கார் நான்காவது தடவையாக வந்து காத்திருந்தது. சிவப்பு விளக்கு நூற்றிருபது விநாடி. ஓட்டிக்கொண்டிருந்த சர்வேயர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள்ளையே பார்த்தாள். முள் எண்ணூறில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்ஜினில் ஒரு நடுக்கம் இல்லை, முனகல் இல்லை.

"மேடம், இதுக்கு உடம்பு சரியில்லன்னு யார் சொன்னது? என் நாடியை விட ஒழுங்கா துடிக்குது" என்றான் பக்கத்தில் இருந்த கொக்கி.

இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் 'சர்வேயர்' என்ற பெயர் அவளை விடவில்லை. இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள். பொய் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லாததால் அவளுக்கும் வேலை தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டிருந்தது. கொக்கி, வழியில் படுத்துவிட்ட வண்டிகளை இழுத்துப்போகும் லாரிக்காரன். அந்த லாரியோடு சேர்த்து அவளுக்கு உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். லாரிக்கு நல்ல பிரேக் போட்டு வைத்திருந்தான். வாய்க்குப் போட மறந்துவிட்டான்.

பின் இருக்கையில் காரின் சொந்தக்காரி, நீச்சல் டீச்சர், கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லலை மேடம். மூணு வெள்ளிக்கிழமை. மூணு தடவையும் இதே சிக்னல்."

"நீங்க பொய் சொல்றதா யாரும் சொல்லலை. நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க."

டீச்சருக்கு விவாகரத்தாகி இரண்டு வருஷம். ஒன்பது வயது மகள், பாதி வாரம் அப்பாவிடம், பாதி வாரம் அம்மாவிடம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அப்பா வீட்டு வாசலுக்குப் போய் மகளை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. மூன்று வாரமாக டீச்சர் நாலு மணிக்குப் போய்ச் சேரவில்லை. 'அம்மாவுக்குப் பொறுப்பில்லை, மகள் முழுக்க என்னிடமே இருக்கட்டும்' என்று அப்பா மனு போட்டுவிட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணை. நாளை நாலாவது வெள்ளிக்கிழமை.

"மூன்றரைக்கு நீச்சல் குளத்துல இருந்து கிளம்புவேன். ஸ்டார்ட் பண்றப்பவே எங்கேயோ 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேட்கும். ஆனா வண்டி நல்லா ஓடும். இந்தச் சிக்னல்ல நின்னதும் குலுங்க ஆரம்பிக்கும். முள்ளு ஏறி ஏறி இறங்கும். ஆரஞ்சு கலர்ல இன்ஜின் படம் போட்ட லைட்டு எரியும். அப்புறம் பொசுக்குனு நின்னுடும். மறுபடி ஸ்டார்ட் ஆகும், ஆனா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா போயிடும்."

"அப்போ காலை எடுக்காமலேயே ஓட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றான் கொக்கி.

"நானும் கேட்டேன். அப்படி ஓட்டினா இன்ஜின் வெடிச்சுடும்னு கைராசி சார் சொல்லிட்டார்."

சர்வேயரின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. இன்ஜின் வெடிக்காது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் கைராசிக்கும் தெரிய வேண்டும்.

கைராசி அவளுடைய தம்பி. ஊரின் மறுகோடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். அவன் தொட்டால் செத்த வண்டியும் பேசும் என்று வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. அப்பா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடக் கட்டணத்திலிருந்து பல் வலி வரைக்கும் அவன் ஓடி வந்தது அவளிடம்தான்.

'பயத்துல சொல்லியிருப்பான்' என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க தம்பி மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றாள் டீச்சர். "அவர் வந்து கை வச்சாதான் அந்தச் சத்தமே நிக்கும். லைட்டும் அணைஞ்சுடும். முதல் வாரம் பெட்ரோல்ல அழுக்குன்னார். அடுத்த வாரம் பிளக்குன்னார். போன வாரம் காத்து போற வழியில கரி பிடிச்சிருக்குன்னார். ஒவ்வொரு தடவையும் 'பத்தே நிமிஷம், பத்தே நிமிஷம்'பார். அது ஒன்றரை மணி நேரம் ஆயிடும். பாவம், வியர்த்து ஊத்தும் அவருக்கு."

"ஒரே காய்ச்சலுக்கு மூணு மருந்து" என்று முணுமுணுத்தான் கொக்கி.

பச்சை விழுந்தது. கார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் பாலத்தில் ஏறியது.

*

வண்டி நிற்பதால் லாபம் யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரே ஒரு வாசல்தான் தெரிந்தது. மதியம் இருவரும் அந்த வாசலில் நின்றார்கள். அது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை.

டீச்சரின் முன்னாள் கணவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்றாளா?"

"அவங்க யாரையும் சொல்லலை" என்றாள் சர்வேயர். "நான் கேட்கிறேன்."

"எனக்கு அந்தக் காரோட பானெட் எந்தப் பக்கம் திறக்கும்னு கூடத் தெரியாது. சாவியும் என்கிட்ட இல்ல. அவ பொய் சொல்றாள்னுதான் முதல்ல நினைச்சேன். அதை நிரூபிக்கத்தான் போட்டோவா அனுப்பினா."

போனை நீட்டினார். போன வெள்ளிக்கிழமை அனுப்பிய படம். காரின் மீட்டர் பலகை. ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஓடிய தூரம் 48,316 கிலோமீட்டர். படம் வந்த நேரம் 3.47. அதற்குக் கீழே 3.52-க்கு ஒரு வரி: 'மெக்கானிக் வந்துட்டார். பத்து நிமிஷத்தில் கிளம்பிடுவேன்.'

"இதைப் பார்த்துட்டுத்தான் பொண்ணுகிட்ட அம்மா வந்துடுவாள்னு சொன்னேன். அவ பையை மாட்டிக்கிட்டுப் படியில போய் உட்கார்ந்தா. அஞ்சே முக்கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தா. செருப்பைக் கூடக் கழட்டலை. மூணு வாரம் அதைப் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் மனு போட்டேன்." அவர் குறடை மறுபடி எடுத்தார். "எனக்கு அவளை ஜெயிக்கணும்னு இல்லம்மா. அந்தப் படியில என் பொண்ணு உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த கொக்கி திரும்பினான்.

"சார், கடைசி வரி எனக்குத் தெரியலை. ஆனா ஒண்ணு நல்லாத் தெரியுது. 3.47-க்கு வண்டி நின்னுச்சு. 3.52-க்கு மெக்கானிக் வந்தாச்சு. கைராசி ஷெட்டுல இருந்து பாலத்துக்கு, வெள்ளிக்கிழமை கூட்டத்துல, பைக்ல வந்தாலே இருபத்தஞ்சு நிமிஷம். மனுஷன் பறந்துதான் வந்திருக்கணும்."

"பக்கத்துல ஏதாவது வேலையா வந்திருப்பான்" என்றாள் சர்வேயர் சட்டென்று.

"மூணு வெள்ளிக்கிழமையுமா மேடம்?"

அவள் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

*

அவளுடைய அலுவலகம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே முற்றத்தில் கார் நின்றது. உள்ளங்கை அளவு ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த துளையில் செருகினாள். காரின் கம்ப்யூட்டர் பேசத் தொடங்கியது.

'குறை ஏதும் பதிவாகவில்லை.'

"முடிஞ்சுது" என்றான் கொக்கி. "வண்டியே நிரபராதின்னு தீர்ப்பு சொல்லிடுச்சு."

"அந்த ஆரஞ்சு விளக்கு எரிஞ்சா எதுக்காக எரிஞ்சுதுன்னு கம்ப்யூட்டர் எழுதி வச்சுக்கும். விளக்கும் உடனே தானா அணையாது. குறை தீர்ந்து ரெண்டு மூணு நாள் ஓடினாதான் அணையும். ஆனா கைராசி வந்ததுமே அணைஞ்சுதுன்னு டீச்சர் சொல்றாங்க."

"கைராசி!"

"விளையாடாதே. யாரோ ஒரு மெஷினை மாட்டி எழுதினதை அழிச்சிருக்காங்க."

"பேட்டரியைக் கழட்டி மாட்டினாலும் அழிஞ்சுடுமே."

"அப்படின்னா கடிகாரமும் பன்னிரண்டுக்குப் போயிருக்கும். பாரு, சரியா ஓடுது." அவள் ஸ்கேனரின் பொத்தானை அழுத்தி அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போனாள். பதினாறாவது பக்கத்தில் நின்றாள். "கம்ப்யூட்டர் இன்னொண்ணும் எழுதி வைக்கும். நினைவை அழிச்சப்புறம் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு. அதை யாரும் சாதாரணமா பார்க்கிறதில்லை."

திரையில் அறுபத்தொன்று என்று இருந்தது.

கொக்கி காருக்குள் எட்டி மீட்டரைப் படித்தான். "48,377." பிறகு போனில் இருந்த படத்தைப் பார்த்தான். "48,316." விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "அறுபத்தொண்ணு மேடம். அந்தச் சிக்னல்லயே வச்சு அழிச்சிருக்காங்க."

சர்வேயர் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அந்தச் சிக்னலில், அந்த ஒன்றரை மணி நேரத்தில், இந்தக் காரைத் தொட்டவன் ஒரே ஒருவன்.

"ரிப்பேர் பண்ணினா மெக்கானிக் நினைவை அழிக்கிறது வழக்கம்தான்" என்றாள். அது கொக்கிக்குச் சொன்ன பதிலா, தனக்கே சொல்லிக்கொண்ட ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை. "அவனையே கேட்டுடுவோம்."

*

ஷெட்டில் கைராசி ஒரு வேனுக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"வாக்கா! கண்டுபிடிச்சியா? அவன்தானே? அந்தக் கண்ணாடிக்காரன்தானே?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ அன்னைக்கு மெஷின் வச்சுப் பார்த்தியாடா? என்ன குறைன்னு காட்டுச்சு?"

"மெஷினா? அதெல்லாம் எங்கே எடுத்தேன் அக்கா! போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். ஒரு ஸ்பானர், ஒரு துணி, அவ்வளவுதான். கரியைத் துடைச்சு விட்டேன், ஆறினதும் ஓடிடுச்சு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான்." அவன் கண்ணை அவள் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "டீ சொல்லவாக்கா? முகமே வாடியிருக்கு."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். எட்டு வயதில் கண்ணாடிக் கூஜாவை உடைத்துவிட்டு, 'நான் அந்தப் பக்கமே போகலைக்கா' என்று அவன் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதனால்தான் அவளால் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது நேராகப் பார்த்துச் சொல்லப் பழகிவிட்டான். எப்போது பழகினான்?

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் கொக்கி மெதுவாகக் கேட்டான். "டீச்சர்கிட்ட இப்பவே சொல்லிடலாமா மேடம்?"

"நாளைக்கு வரைக்கும் பொறு. மெஷின் எடுத்துட்டுப் போனதை மறந்திருக்கலாம்."

"மறந்திருக்கலாம்" என்றான் கொக்கி. "இதையே வேற ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தா நீங்க இப்படிச் சொல்லுவீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் டீச்சருக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நாளைக்கு எப்பவும் போல வண்டியை எடுத்துட்டு வேலைக்குப் போங்க. எங்க நிறுத்துவீங்களோ அங்கேயே நிறுத்துங்க."

*

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் நீச்சல் குளத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் கொக்கியின் லாரி நின்றது. டிரைவர் அறைக்குள் இருவரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கார் முப்பதடி தூரத்தில், சுவரோரம் தனியாக நின்றது. குளோரின் வாடையும் பிள்ளைகளின் கூச்சலும் சுவரைத் தாண்டி வந்தன.

"ஒண்ணு மட்டும் புரியலை மேடம். வண்டியை நிறுத்தணும்னா இங்கேயே நிறுத்தலாமே. ஏன் கரெக்டா அந்தச் சிக்னல்?"

"இன்ஜின் ஒரே மூக்கால மூச்சு விடுது. எவ்வளவு காத்து உள்ளே போகுதுன்னு அந்த மூக்குலதான் கம்ப்யூட்டர் அளக்கும். அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோல் கொடுக்கும். இப்ப முதுகுல ஒரு ஓட்டை போட்டா?"

"கணக்குல வராத காத்து."

"அதான் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம். இன்ஜின் குளிர்ந்திருக்கிறப்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடவே கொடுக்கும். அதனால சமாளிச்சுடும். சூடாயிட்டா அந்தக் கூடுதலை நிறுத்திடும். வேகமா ஓடறப்ப மூச்சு பெருசு, ஓட்டை தெரியாது. நிக்கிறப்ப மூச்சு சின்னது, திணறிப் போயிடும். இங்கேயிருந்து கிளம்பினா இன்ஜின் நல்லா சூடாகிறதுக்கும், முதல் தடவையா ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கிறதுக்கும் ஒரே இடம்தான்."

"பாலத்துச் சிக்னல்" என்றான் கொக்கி. "அந்த ஓட்டையை மூடிட்டா?"

"ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். நாம நேத்து பார்த்தோமே, அந்த மாதிரி. அதான் யார் பார்த்தாலும் குறையே அகப்படலை. வந்து பார்க்கிறவனே குறையைக் கையோட எடுத்துட்டுப் போயிடறான்."

இரண்டரை ஆனது. மூன்று ஆனது. 'வரக் கூடாது' என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபத்தெட்டு வருஷ வேலையில், தன் கணிப்பு பொய்யாகிப் போகட்டும் என்று அவள் தவித்தது அன்றுதான்.

மூன்றேகாலுக்குப் பைக் வந்தது.

கைராசி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காரின் கதவைத் திறந்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டீச்சரே அவனிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவி. பானெட் உயர்ந்தது. அவன் கை உள்ளே போனது, வந்தது. பானெட் இறங்கியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொக்கி, "பதினேழு விநாடி" என்றான். அதில் கிண்டல் இல்லை.

சர்வேயர் இறங்கி நடந்தாள். செருப்புக்கடியில் சரளை நெரிந்த சத்தத்துக்கு அவன் திரும்பினான்.

"அக்கா..."

"கையை விரி."

அவன் விரிக்கவில்லை. அவளே அவன் விரல்களைப் பிரித்தாள். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி. இன்ஜினின் காற்றுக் குழாயில் இருக்கும் ஒரு சின்ன முனையை அடைத்து வைப்பது.

"ஏன்டா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் கெஞ்சலை விடக் கோபம்தான் அதிகம்.

"அவங்களை எனக்குப் பிடிச்சிருக்குன்னு நேராவே சொன்னேன்கா. பொண்ணு வளர்ற வரைக்கும் வேற எந்த நினைப்பும் இல்ல, அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆனா வண்டி நின்னா என்னைத்தானே கூப்பிடறாங்க? அந்த ஒன்றரை மணி நேரம் என் பக்கத்துல நின்னு அழறாங்க. வேற யாரு இருக்கா அவங்களுக்கு?"

"அதனால பொண்ணையே இல்லாம பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டே."

"இல்லாமலா போகப்போறா? அப்பாகிட்டதானே இருப்பா! ரோட்டுலயா விடப்போறேன்?"

கொக்கி ஒரு அடி முன்னால் வந்தான். சர்வேயர் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"என்கிட்ட வரச் சொன்னது யாருடா அவங்களை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கே அப்போதுதான் தோன்றியது. டீச்சர் அவளைத் தேடி வந்தபோது, 'கைராசி சார்தான் அனுப்பினார்' என்று சொன்னதை அவள் பெருமையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் முதல் முறையாகப் பார்வையைத் தாழ்த்தினான்.

"வேற ஏதோ பெரிய ஒர்க்‌ஷாப்புல வண்டியை ஒரு வாரம் விட்டுப் பார்க்கப்போறேன்னாங்க. நான்தான் எங்க அக்காகிட்ட போங்கன்னு சொன்னேன். உனக்கு அந்தக் கண்ணாடிக்காரன் மேலதான் சந்தேகம் வரும்னு நினைச்சேன். அப்படியே நீ கண்டுபிடிச்சாலும்..."

"கண்டுபிடிச்சாலும்?"

"நீ என் அக்கா."

மூன்று சொல். அவள் அவன் கூஜாவை உடைத்ததை அம்மாவிடம் சொன்னதில்லை. அவன் பரீட்சையில் தோற்றதைச் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அவள் பாசம் என்று நினைத்துச் செய்ததையெல்லாம் இவன் ஒரு வசதியாகக் குறித்து வைத்திருக்கிறான். ஊரில் எத்தனையோ துப்பறிகிறவர்கள் இருக்க, வாயைத் திறக்க மாட்டாள் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

"திங்கட்கிழமை வரைக்கும் பேசாம இருக்கா. அதுக்கப்புறம் இந்த வண்டி நிக்கவே நிக்காது. என் மேல சத்தியமா."

"இனிமே நிக்காதுன்னு எனக்கும் தெரியும் கைராசி சார்."

குரல் பின்னாலிருந்து வந்தது. நீச்சல் டீச்சர். தலைமுடி ஈரமாக இருந்தது. தோளில் துண்டு. வகுப்பு முடிந்து எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

கைராசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சர்வேயரைப் பார்த்தாள்.

"இவர்தான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல ஒரு விநாடி அவகாசம் இருந்தது. சர்வேயர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"நேத்து சாயங்காலம்."

"நேத்தேவா?" என்றாள் டீச்சர். "தெரிஞ்சும், எப்பவும் போல வண்டியை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னீங்க. ஒருவேளை உங்க கண்ணுல படாம இவர் வேலையை முடிச்சிருந்தா? நான் இன்னைக்கும் அந்தப் பாலத்துல நின்னிருப்பேன் இல்லையா?"

"வண்டி நின்னா உங்களைக் கூட்டிட்டுப் போக லாரி தயாரா..."

"நான் லாரியைக் கேட்கலை மேடம்."

சர்வேயர் காரின் பக்கம் திரும்பினாள். பானெட்டைத் தூக்கி, அந்தக் கறுப்பு மூடியை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தினாள். கொக்கி கைராசியிடமிருந்து மாற்றுச் சாவியை வாங்கி டீச்சரிடம் கொடுத்தான். டீச்சர் காரில் ஏறினாள். மணி மூன்றரை.

கார் போன பிறகு கைராசி பைக்கில் சாய்ந்து நின்று, "அவளுக்காக என்னை விட்டுடுவியாக்கா?" என்று கேட்டான். அவள் லாரியில் ஏறிக்கொண்டாள். காருக்குப் பின்னாலேயே சற்று இடைவெளி விட்டு லாரி போனது. பாலத்துச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நூற்றிருபது விநாடியும் வெள்ளைக் காரின் பின்புறக் குழாயிலிருந்து புகை சீராக வந்தது. மூன்று ஐம்பத்தாறுக்கு, தெருமுனையிலிருந்து பார்த்தபோது, படியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி பையோடு எழுந்து ஓடுவது தெரிந்தது.

*

அன்று இரவே சர்வேயர் அறிக்கையை எழுதிவிட்டாள். நான்கு பக்கம். எந்த வரியையும் மென்மையாக்கவில்லை.

திங்கட்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் பெண் நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மெக்கானிக்குக்கும் உங்களுக்கும் முன்பகை ஏதாவது உண்டா?"

"இல்லம்மா."

"உறவு?"

"உடன்பிறந்த தம்பி."

கண்ணாடிக் கடைக்காரர் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் வேண்டாமென்று தலையசைத்தும் கேட்காமல் அவரே எழுந்து, மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பழைய ஏற்பாடே தொடரும் என்று உத்தரவாயிற்று. டீச்சர் கொடுத்த புகார் தனியாகப் போலீசுக்குப் போனது. கைராசியின் ஷெட் அன்று மதியம் திறக்கவில்லை.

வெளியே நடைபாதையில் டீச்சர் சர்வேயரைக் கடந்து போனவள், நின்று, திரும்பி வந்தாள்.

"உங்க தம்பின்னு பார்க்காம எழுதிக் கொடுத்தீங்க. அதுக்கு நன்றி மேடம்." ஒரு கணம் தரையைப் பார்த்தாள். "ஆனா அந்த ஒரு நாளை என்னால மறக்க முடியலை. இனிமே நாம பார்த்துக்க வேண்டாம்."

"சரிம்மா" என்றாள் சர்வேயர். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

லாரியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அம்மா. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையின் அழுகை டிரைவர் இருக்கை வரைக்கும் கேட்டது.

"கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறியே, நீ மனுஷியாடி? அவன் உன்னைத்தானேடி நம்பியிருந்தான்!"

"நானும் அவனை நம்பியிருந்தேன்மா" என்றாள்.

அம்மா போனை வைத்துவிட்டாள். சர்வேயர் அதை மடியில் போட்டுக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். கொக்கி சாவியைத் திருகினான். லாரி உறுமி எழுந்தது. கியரைப் போட்டுவிட்டு, அவள் பக்கம் பார்க்காமலேயே சொன்னான்:

"அழணும்னா நல்லா அழுங்க மேடம். வண்டி ஓட்டுறது நான்தானே."

சர்வேயர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். லாரி கோர்ட் வாசலைத் தாண்டி, நீளமான சாலையில், எங்கும் நிற்காமல் போயிற்று.